மானுக்குத் தண்ணீர்: டெக்சஸ் மலைநாட்டு நிலத்தில் குட்டை வெட்டலாமா, தொட்டி வைக்கலாமா?

கேள்வி இதுதான்: கெர்வில்லுக்கு மேற்கே நண்பர்கள் சேர்ந்து எண்பது ஏக்கர் வேட்டை நிலம் வாங்கியிருக்கிறீர்கள். ஓடை கிடையாது. முன்புறம் ஒரு பழைய வீடும் போர்வெல்லும். பின்பாதி முழுக்க, அங்கே சீடர் (cedar) என்று சொல்கிற ஜூனிபர் புதரும் லைவ் ஓக் மரங்களும். மான் தங்கிப் புழங்குகிற மாதிரி அங்கே ஒரு பெரிய குட்டை வெட்டலாமா, எந்த இடத்தில் வெட்டலாம், ஒருதடவை வெட்டிவிட்டால் மழைத் தண்ணீரிலேயே காலம் ஓடிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஓடாது. அந்தப் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 30 அங்குல மழை என்றாலும் அதில் பெரும்பகுதி மே, ஜூனிலும் செப்டம்பர், அக்டோபரிலும் கொட்டிவிட்டுப் போய்விடும். நடுவில் ஜூலையும் ஆகஸ்டும் காய்ந்து கிடக்கும். மானுக்குத் தண்ணீர் தேவைப்படுவதும் அந்த இரண்டு மாதத்தில்தான். அதனால் எங்கே வெட்டலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், குட்டையோ தொட்டியோ, ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று முடிவு செய்யுங்கள். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் ஒரு வாரக் கடைசி வேலை.

மான் எவ்வளவு குடிக்கும்? அதன் உடம்புக்குத் தண்ணீர் மூன்று வழியில் சேர்கிறது: வாய் வைத்துக் குடிப்பது, தின்னும் தழையில் இருப்பது, உணவு எரியும்போது உடம்புக்குள்ளேயே உண்டாவது. ஏப்ரலில் தழை முக்கால் பங்கு தண்ணீராகவே இருக்கும். அப்போது வெண்வால் மான் உங்கள் தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ‘இவ்வளவு செலவு செய்தும் கேமராவில் ஒரு மான்கூட இல்லையே’ என்று வசந்தத்தில் புலம்புகிறவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். ஜூனில் பெண்மான்கள் குட்டி போட்டுப் பால் கொடுக்கத் தொடங்கும், அதே நேரத்தில் தழையும் வாடும். அப்போது வரும். அந்த மாதங்களில் ஒரு மானுக்கு நாளைக்கு மூன்று, நான்கு லிட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு கேலன் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இருபது மான் புழங்கினால் இருபது கேலன். ரக்கூன், வான்கோழி, பறவைகளுக்கென்று இன்னும் ஐந்து சேர்த்தால் நாளைக்கு இருபத்தைந்து.

இப்போது நீங்கள் நினைக்கிற பெரிய குட்டையின் கணக்கைப் பாருங்கள். முப்பது அடிக்கு முப்பது அடி என்றால் மேற்பரப்பு 900 சதுர அடி. மலைநாட்டுக் கோடையில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளைக்குக் கால் அங்குலம் ஆவியாகிப் போவது சாதாரணம். ஒரு சதுர அடியில் ஓர் அங்குலத் தண்ணீர் என்பது 0.623 கேலன். பெருக்கினால் நாளைக்கு 140 கேலன் வெயிலுக்கே போகிறது. மான் குடிப்பது இருபது, வெயில் குடிப்பது 140! அதே சமயம், மேற்பரப்பு பன்னிரண்டு சதுர அடியே இருக்கிற ஒரு மாட்டுத் தொட்டியில் ஆவியாவது நாளைக்கு இரண்டு கேலன்தான்.

இதற்கு மேல் ஒழுகல் வேறு. அந்த எட்வர்ட்ஸ் பீடபூமி முழுக்கச் சுண்ணாம்புக்கல். வெடிப்பும் பொந்துமாக இருக்கும். மேலே ஓரடி மண், கீழே பாறை. அங்கே புல்டோசர் வைத்து வெட்டின குட்டைகளில் பல, மழை நின்ற மூன்றாம் வாரம் வெறும் சேற்றுப் பள்ளமாகக் கிடப்பதை நீங்களே அக்கம்பக்கத்தில் பார்க்கலாம். நல்ல களிமண் இருக்கிற கிழக்கு டெக்சஸிலோ மிசூரியிலோ இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அங்கே மண்ணை ஈரமாக்கிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிதுக்கினால் நாடா மாதிரி இரண்டு அங்குலம் உடையாமல் நீளும்; அப்படிப்பட்ட மண்ணைச் செம்மையாக இறுக்கினாலே தண்ணீர் நிற்கும். நீளாத இடத்தில் பென்டோனைட் களிமண் பொடியை மேல்மண்ணோடு கலந்து இறுக்குவார்கள். வெடித்த பாறைமேல் அந்தப் பொடியை மட்டும் தூவிப் பயனில்லை. பிளவு வழியாகப் பொடியும் போய்விடும், பணமும் போய்விடும்.

ஆகவே நான் சொல்வது: சிறிய தொட்டி ஒன்று, அதற்கு மேட்டுப்பக்கம் மூடிய பெரிய டேங்க் ஒன்று. தண்ணீர் இருட்டில், மூடிக்குள் இருக்க வேண்டும். மான் வாய் வைக்கிற இடம் மட்டும்தான் திறந்திருக்க வேண்டும். 2,500 கேலன் கறுப்பு பாலி டேங்க் ஒன்று, நாளைக்கு இருபத்தைந்து கேலன் போனாலும் நூறு நாள் தாங்கும். ஜூன் நடுவில் நிறைந்திருந்தால் செப்டம்பர் கடைசி வரை பிழைத்துவிடலாம். இதுவே டேங்க் இல்லாமல் நூறு கேலன் தொட்டி மட்டும் புதைத்துவிட்டு வந்தால் நாலே நாளில் வறண்டுவிடும்.

அந்த டேங்கை எதனால் நிரப்புவது? மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, உங்கள் போர்வெல்லிலிருந்து குழாய் இழுப்பது. தூரம் கால் மைலுக்குள் என்றால் கறுப்பு பாலிஎதிலின் குழாயைப் பள்ளம் பறித்துப் புதைத்துவிடலாம். ஒருதடவைச் செலவு, பிறகு நிம்மதி. ஆனால் அந்தப் பாறையில் பள்ளம் பறிக்க ஆகும் செலவைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். மண் இல்லாத இடத்தில் குழாயைத் தரைமேலேயே போட்டால் வெயிலில் சுடுதண்ணீர் வரும், பன்றி கடிக்கும்.

இரண்டாவது, வண்டியில் கொண்டுபோவது. பெரும்பாலானவர்கள் இதில்தான் தொடங்குகிறார்கள். இரும்புக் கூண்டுக்குள் இருக்கும் 275 கேலன் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை, ஐபிசி டோட் என்பார்கள், பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். நிறைத்தால் அதன் எடை 2,300 பவுண்டுக்கு மேல். சாதாரண அரை டன் பிக்கப் தாங்குகிற சுமை அதைவிடக் குறைவு. அரைகுறையாக நிரப்பினாலோ மலைப்பாதையில் தண்ணீர் ஊசலாடி வண்டியைத் திருப்பிவிடப் பார்க்கும். டிரெய்லர் வைத்து, மெதுவாகப் போங்கள். பழைய டோட் வாங்கும்போது முன்பு அதில் என்ன இருந்தது என்று லேபிளைப் பாருங்கள். உணவுப் பொருள் இருந்ததாக எழுதியிருந்தால் ஒழிய விட்டுவிடுங்கள். பூச்சிமருந்து டோட் எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். வெள்ளை பிளாஸ்டிக்கில் வெளிச்சம் ஊடுருவிப் பாசி பிடிக்கும் என்பதால் கறுப்புப் பெயிண்ட் அடித்துவிடுங்கள்.

மூன்றாவது, மழையைப் பிடிப்பது. என் ஓட்டு இதற்குத்தான். 1940களில் கலிஃபோர்னியாவில் காடைகளுக்காகக் கட்டத் தொடங்கிய ஏற்பாடு இது. கூரை அல்லது தளம் ஒன்றில் விழும் மழை ஒரு மூடிய தொட்டிக்குள் இறங்கும், பறவை உள்ளே இறங்கிக் குடிக்கும். ‘கஸ்லர்’ என்பார்கள். இன்று மேற்கு மாநிலப் பாலைவனங்களில் மான், காட்டாடு எல்லாவற்றுக்கும் இதுதான். உங்கள் நிலத்துக்கு இருபதுக்கு இருபது அடி தகரக் கூரை போதும். ஓர் அங்குல மழைக்குக் கணக்குப்படி 249 கேலன். சிதறுவதும், கூரை அழுக்கைக் கழுவிக்கொண்டு வரும் முதல் தண்ணீரும் போக 210 வரும் என்று வையுங்கள். வசந்தத்தில் பன்னிரண்டு அங்குலம் பெய்தால் 2,500 கேலன் டேங்க் நிறைந்துவிடும். கூரை உயரமாக இருக்க வேண்டியதில்லை. தாழ்வான பக்கம் நாலடி, உயரமான பக்கம் ஆறடி, சரிவில் ஒரு மழைநீர்த் தாவாரம், அது இறங்குகிற வாயில் கம்பிவலை. டேங்கின் வாய் தாவாரத்தைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசி ஓரடி நிறையவே நிறையாது. சரிவான நிலத்தில் கூரை மேலே, டேங்க் நடுவில், தொட்டி கீழே என்று வைத்தால் பம்ப்பே வேண்டாம்.

டேங்க் உட்காரும் இடத்தில் மட்டும் சோம்பல்படாதீர்கள். 2,500 கேலன் என்றால் ஒன்பது டன்னுக்கு மேல். கல்லைப் பொறுக்கிவிட்டு, நொறுக்கிய சுண்ணாம்புக்கல் தூளைப் பரப்பி, மட்டம் பார்த்து இறுக்கி, அதன்மேல் வையுங்கள். ஒரு முனைக்கல் துருத்திக்கொண்டிருந்தாலும் அடியில் விரிசல் விடும். டேங்குக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு மிதவை வால்வு. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கடையில் கிடைக்கிற பெரும்பாலான மிதவை வால்வுகள் பம்ப் அழுத்தத்துக்கானவை. 2.31 அடி உயர வித்தியாசத்துக்கு ஒரு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம்) என்ற கணக்கில் உங்கள் சரிவில் கிடைப்பது இரண்டு, மூன்று பிஎஸ்ஐதான். அந்த வால்வில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வரும். குறைந்த அழுத்தத்துக்கான அகலத்துளை வால்வு என்று கேட்டு வாங்குங்கள். வால்வின்மேல் கனமான மூடி போடுங்கள். ரக்கூனுக்கு அதை உருட்டி விளையாடுவதைவிட இனிய பொழுதுபோக்கு இல்லை. ஒரே ராத்திரியில் 2,500 கேலனையும் தரையில் கொட்டவைத்துவிடும்.

இனி தொட்டி. நூறு முதல் நூற்றைம்பது கேலன் வரை உள்ள பிளாஸ்டிக் மாட்டுத் தொட்டியை விளிம்பு தரையிலிருந்து இரண்டு, மூன்று அங்குலம் மட்டும் மேலே தெரிகிற மாதிரி புதைத்தால் போதும். விளிம்பு தரைமட்டமாகவே இருந்தால் மழையில் சேறும் சருகும் உள்ளே வரும். ரொம்ப உயர்த்தினால் குட்டிகளுக்கு எட்டாது. புதைக்கும்போது ஒரு விஷயம்: உள்ளே தண்ணீரை நிரப்பிக்கொண்டே வெளியே மண்ணைத் தள்ளி இறுக்க வேண்டும். காலித் தொட்டியைப் புதைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் அடுத்த பெருமழையில் சுற்றிலும் ஊறிய தண்ணீர் அதை மிதக்கவைத்துத் தரைக்கு மேலே தூக்கிவிடும்.

பாறை தோண்ட விடாவிட்டால் தரைமேலேயே வைத்துச் சுற்றிலும் கல்லும் மண்ணுமாகச் சாய்வு கட்டிவிடுங்கள். தார்ப்பாய் மாதிரி விரிக்கிற ஈபிடிஎம் ரப்பர் ஷீட் போட்டுக் குழி அமைப்பவர்களும் இருக்கிறார்கள். வாங்கினால் 45 மில் (ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 45 பங்கு) தடிமனில் வாங்குங்கள். அடியில் துணி விரிப்பு, மேலே ஆறு அங்குல மண். நீளத்தோடு ஆழத்தின் இரு மடங்கையும், ஓரத்துக்கு இரண்டடியையும் சேர்த்து அளவு எடுங்கள். அகலத்துக்கும் அதே கணக்கு. மானின் குளம்பு கூர்மை, பன்றியின் பல் அதைவிடக் கூர்மை. மூடாத ஷீட் ஒரு வருஷம் தாங்கினால் அதிர்ஷ்டம். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு, தொட்டியே மேல்.

எதைச் செய்தாலும் உள்ளே ஒரு ஏறுபாதை இல்லாமல் விடாதீர்கள். அணில், வௌவால், குருவி, பாம்பு என்று எது விழுந்தாலும் வழுக்குகிற சுவரில் ஏற முடியாது. செத்து மிதக்கும், தண்ணீர் நாறும், மான் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். ஒரு கட்டையை மிதக்கவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள், போதாது. தண்ணீரில் விழுந்த சின்ன உயிர் நடுவில் நீந்தாது, சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றி வரும். ஏறுபாதை சுவரோடு இடைவெளியில்லாமல் ஒட்டியிருந்தால்தான் அதன் கால் அதில் படும். நாலு அங்குலம் தள்ளியிருந்தால் பின்பக்கமாகவே நீந்திப் போய்விடும். துளையுள்ள உலோகத் தகட்டை வளைத்து, 45 டிகிரிக்கு மேல் செங்குத்தாகாமல், அடிவரை இறங்குகிற மாதிரி விளிம்பில் திருகிவிடுங்கள். சிரமப்படாமல் செய்ய வேண்டுமென்றால் ஒரு மூலையில் கற்களைப் படிபோல் அடுக்கிவிட்டாலும் சரி.

இடம் எது என்று கேட்டீர்கள். எண்பது ஏக்கரில் தங்கி எண்பது ஏக்கரிலேயே வாழ்கிற மான் கிடையாது. அது பக்கத்து நிலங்களிலும் சேர்த்து உலவும். அதனால் ‘என் மானை வரவழைக்கிறேன்’ என்பதைவிட, அது ஏற்கெனவே நடக்கிற வழியில் வைப்பதுதான் நடக்கிற காரியம். பகலில் படுத்திருக்கிற சீடர் அடர்த்திக்கும் மாலையில் மேயப் போகிற திறந்த வெளிக்கும் நடுவில் தடம் இருக்கும். அந்தத் தடத்தில், புதர் விளிம்பிலிருந்து வெளியே வராமல் குடிக்கலாம் என்கிற இடத்தில் வையுங்கள். நட்டநடு வெளியில் வைத்த தொட்டிக்கு இருட்டிய பிறகுதான் வரும், அப்போது உங்களுக்குச் சட்டப்படி சுட நேரம் முடிந்திருக்கும். பிற்பகல் நிழல் கிடைத்தால் நல்லது. ஆனால் ஓக் மரத்துக்கு நேர் அடியில் வேண்டாம், சருகு விழுந்து கஷாயமாகிவிடும். குடித்தால் கெடுதல் இல்லைதான், ஆனால் நீங்கள்தான் வாரி மாள மாட்டீர்கள்.

காற்று உங்கள் வாடையை மானிடம் கொண்டுபோகக் கூடாது: கோடையிலும் இளம் இலையுதிர் காலத்திலும் தெற்கு, தென்கிழக்குக் காற்று. குளிர்முனை (வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று அலை) ஒன்று இறங்கினால் வடக்கே திரும்பிவிடும். ஒரே மரத்தில், மறைந்து உட்காரும் ஒரே ஸ்டாண்ட் வைத்து இரண்டுக்கும் சமாளிக்க முடியாது. இரண்டு இடம் தயார் செய்யுங்கள், அல்லது வடகாற்று அடிக்கிற நாளில் அங்கே போகாதீர்கள். வில் வேட்டைக்கு இருபது, இருபத்தைந்து கெஜம் போதும். இன்னொன்று, பலர் கவனிக்காதது: மான் தொட்டியைப் பார்த்து நின்றுதான் குடிக்கும். தொட்டியின் நீளவாட்டம் உங்கள் பார்வைக்கு நேராக, உங்களை நோக்கி வருகிற மாதிரி இருந்து, உங்கள் பக்க முனையிலும் எதிர்முனையிலும் வெட்டிய சீடர் கிளையைப் போட்டு அடைத்துவிட்டால், மான் இடப்புறமோ வலப்புறமோதான் நிற்க முடியும். அப்போது அதன் முழு விலா உங்களுக்குத் தெரியும். குறுக்கே வைத்தால் நெஞ்சோ பின்புறமோதான் தெரியும், பொறுப்பான வேட்டைக்காரர் அம்பு விட முடியாது. பெரிய குட்டையில் இதைச் செய்யவே முடியாது. எந்தக் கரையில் வேண்டுமானாலும் வந்து குடித்துவிட்டுப் போகும்.

அந்த ஒரே தண்ணீரின்மேல் தினமும் போய் உட்கார்ந்தால் பத்து நாளில் மான் இரவு நேரத்துக்கு மாறிவிடும். முடிந்தால் இரண்டு தொட்டி வையுங்கள். ஒன்றைத் தொடவே தொடாதீர்கள். கடும் வறட்சியில் சுற்றுவட்டாரத்திலேயே தண்ணீர் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது என்றால் அங்கே உட்கார்ந்து வேட்டையாடுவது சரியா என்று எனக்கே சந்தேகம்தான். டெக்சஸ் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் மேய்ச்சல் வழியில் உட்கார நவம்பரில் ஆயிரம் இடம் உண்டு. வேறு மாநிலத்துக்குப் போனால் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரிசோனாவில் விலங்குகளுக்கு இருக்கிற ஒரே நீர்நிலைக்குக் கால் மைலுக்குள் கூடாரம் போட்டு அவற்றை விரட்டுவதே குற்றம்.

பன்றி வரும். வருமா என்ற கேள்வியே இல்லை. தொட்டியில் இறங்கிப் புரண்டு, ஓரத்தைச் சேறாக்கி, வால்வைப் பிடுங்கும். இதற்குத் தீவனப் பெட்டிகளைச் சுற்றி அங்கே எல்லாரும் செய்கிற வேலிதான் வழி: 16 அடி நீளக் கம்பிவலைப் பன்றிப் பேனல்கள், 28 முதல் 34 அங்குலம் உயரத்துக்குள், ஆறேழு சேர்த்து வட்டமாக. வளர்ந்த மான் அலட்சியமாகத் தாண்டிவிடும், பன்றி தாண்டாது. வட்டம் குறுகலாக இருந்தால் உள்ளே குதிக்க மானுக்குத் தயக்கம் வரும், அதனால் முப்பதடி விட்டம் வேண்டும். சிக்கல், கோடையில் குட்டிகளும் தாண்டாது. எனவே பன்றி வந்த பிறகு வேலி போடுங்கள், முதலிலேயே வேண்டாம். பன்றியைச் சுட டெக்சஸில் பருவம் ஏதும் இல்லை, உங்கள் சொந்த நிலத்தில் லைசென்ஸும் வேண்டாம்.

அப்புறம் நோய். இஎச்டி என்கிற ரத்தக்கசிவுக் காய்ச்சலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1955இல் நியூஜெர்சியில் முதலில் அடையாளம் காணப்பட்டது. 2012 வறட்சியில் நடுமேற்கு மாநிலங்களில் மான்கள் ஏராளமாகச் செத்தன. காய்ச்சல் கண்ட மான் தண்ணீரைத் தேடி வந்து கரையில் விழுவதால் ‘தண்ணீரால் வருகிறது’ என்று நினைப்பார்கள். பரப்புவது மிட்ஜ் என்கிற, கடுகளவுகூட இல்லாத ஒரு கடிக்கும் பூச்சி. அது முட்டையிட்டு வளர்வது வற்றிவருகிற குட்டையின் ஓரச் சேற்றில். ஆகஸ்டில் சுருங்கிக்கொண்டே போகும் பெரிய குட்டை அதற்கு வசதியான வீடு. நிமிர்ந்த சுவரும் எப்போதும் ஒரே மட்டமும் உள்ள தொட்டியில் சேறே கிடையாது. பெரிய குட்டை வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம். இந்த நோய் காலங்காலமாகப் புழங்குகிற தெற்கில் மான்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி உண்டு, அந்த வகையில் உங்களுக்குப் பயம் குறைவு.

சிடபிள்யூடி (chronic wasting disease) வேறு ரகம். மூளையை அரிக்கிற அந்த நோய் எச்சில், சிறுநீர், மண் வழியாகப் பரவும், மருந்து கிடையாது. டெக்சஸில் 2012இல் மேற்குக் கோடியில் மியூல் மான்களிலும், 2015இல் மெடினா கவுன்ட்டியில் வளர்ப்பு வெண்வால் மான்களிலும் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து கட்டுப்பாட்டு மண்டலங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்டுலைஃப் துறையின் வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களால் செய்ய முடிந்தது இதுதான்: தண்ணீருக்குப் பக்கத்தில் உப்புக்கட்டியும் சோளத் தீவனமும் வைக்காதீர்கள். மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் எல்லா மூக்கும் ஒரே இடத்தில் உரசும்.

கொசுவுக்கு பிடிஐ பாக்டீரியா அடங்கிய வட்ட வில்லை ஒன்று போட்டால் ஒரு மாதம் தாங்கும்; மானுக்கும் பறவைக்கும் ஒன்றும் ஆகாது. நம் ஊரில் முனிசிபாலிட்டிக்காரர்கள் கிணற்றில் விடும் கம்பூசியா மீன் டெக்சஸின் சொந்த மீன்தான். நாலைந்தைப் பிடித்துவந்து விட்டால் குளிர்காலம் வரை வேலை பார்க்கும். பாசிக்குக் காப்பர் சல்ஃபேட், பிளீச் எதுவும் ஊற்றாதீர்கள். தண்ணீர் பச்சைப் பெயிண்ட் கொட்டியதுபோல் மேலே படலம் கட்டினால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம், விஷம் உண்டு. முழுக்க இறைத்துக் கொட்டி, வெறும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் விடுங்கள். சோப்பு வேண்டாம். இல்லாவிட்டாலும் பிப்ரவரியில் ஒருதடவை, செப்டம்பர் முதல் வாரத்தில் ஒருதடவை இதைச் செய்தாக வேண்டும். செப்டம்பர் கடைசி வாக்கில் வில் சீசன் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு அங்கே உங்கள் வாடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. நிரப்புவதாக இருந்தால் மத்தியானத்தில் போங்கள்.

உங்கள் கேமராவில் புள்ளிமான் தென்பட்டால் ஆச்சரியப்படாதீர்கள். முதுமலையில் பார்க்கிற அதே புள்ளிமான்தான். 1932 வாக்கில் டெக்சஸுக்குக் கொண்டுவந்தார்கள், வேலி தாண்டி இன்று மலைநாடெங்கும் கூட்டம் கூட்டமாக அலைகிறது. வெண்வால் மானைவிடத் தண்ணீரை நம்பி வாழ்வது அது. புல்லும் தின்னும், தழையும் தின்னும் என்பதால் வெண்வாலுக்குப் போட்டி. உங்கள் தொட்டிக்கு முதலில் வந்து சேருவதும் அதுவாகவே இருக்கலாம். அங்கே அதற்கு மூடிய பருவம் கிடையாது; வருஷம் முழுக்க வேட்டையாடலாம். ஊரில் சுட்டால் 1972ஆம் வருஷச் சட்டத்தில் சிறை, டெக்சஸில் சுட்டால் பக்கத்து நிலத்துக்காரர் நன்றி சொல்வார். கறியும் வெண்வாலைவிட நன்றாக இருக்கும் என்பது பொது அபிப்பிராயம், நானும் அதே கட்சி.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. கூரைத் தண்ணீருக்கு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பத்து ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் வீடு, கால்நடைப் பயனுக்கான சின்னக் கிணற்றுக்கு பெர்மிட் விலக்கு இருக்கிறது. ஆனால் கவுன்ட்டியின் நிலத்தடி நீர் மாவட்ட அலுவலகத்தில் பதிவு கேட்பார்கள், ஒரு போன் போட்டுவிடுங்கள். மழைக்கால ஓடைத் தடத்தில் அணை கட்ட நினைத்தால் அது வேறு கதை. 200 ஏக்கர்-அடிக்குள் (ஓர் ஏக்கரில் ஓரடி ஆழத் தண்ணீர் ஓர் ஏக்கர்-அடி) என்றால் மாநில பெர்மிட் வேண்டாம், ஆனால் ஓடையிலோ சதுப்பிலோ மண் தள்ளுவதற்கு ராணுவப் பொறியாளர் துறையின் அனுமதி தேவைப்படலாம். தொட்டிக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காதது, ஆனால் பணம் மிச்சமாகிற விஷயம். நிலத்துக்கு ஏற்கெனவே விவசாய மதிப்பீட்டில் சொத்துவரி இருந்தால், மாடு வளர்க்காமலே அதை வனவிலங்கு மேலாண்மை என்று மாற்றிக்கொள்ளலாம். 1995இல் வாக்கெடுப்பில் வந்த ஏற்பாடு. ஏழு வேலைகளில் குறைந்தது மூன்றையாவது செய்ய வேண்டும்; வாழிடச் சீரமைப்பு, மண்ணரிப்புத் தடுப்பு, இரைகொல்லிக் கட்டுப்பாடு, கூடுதல் தண்ணீர், கூடுதல் உணவு, தங்குமிடம், கணக்கெடுப்பு என்பவை அந்த ஏழு. தண்ணீர்த் தொட்டி ஒன்று. சீடரை வெட்டி ஓக்குக்கு இடம் விட்டால் இரண்டு. கேமரா வைத்து மான் எண்ணினால் மூன்று. மண்ணின் சொந்த விலங்குகளுக்காகச் செய்வதாகத்தான் எழுத வேண்டும், புள்ளிமான் இதில் சேராது. விண்ணப்பமும் திட்டமும் ஏப்ரல் 30க்குள் கவுன்ட்டி மதிப்பீட்டு அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். டேங்க், வால்வு, தகரம் வாங்கின ரசீதுகளை எடுத்து வையுங்கள். தொட்டியைக் கழுவும்போதெல்லாம் தேதி தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ஆண்டறிக்கை கேட்டால் அதையே இணைத்துவிடலாம்.